முடியும் முன் நிறுத்தப்பட்ட இசை

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை யர்மிலா உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு ஆட்கள் வருவார்கள். அதற்குள் சாலட் ஆற வேண்டும்.

பக்கத்து அறையில் எவ்ஜென் ஒலிபெருக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் துடைப்பார். துடைக்கும்போது சீட்டியடிப்பார். இந்த வெள்ளி சீட்டி இல்லை.

போன வாரம் காது மருத்துவர் காட்டிய வரைபடம் இன்னும் யர்மிலாவின் கண்ணில் நின்றது. இடப்பக்கம் நேராக வந்த கோடு, வலப்பக்கம் போனதும் மாடிப்படியில் தடுக்கியதுபோல் விழுந்தது. தாழ்ந்த ஒலிகள் கேட்கும். பேச்சும் பெரும்பாலும் கேட்கும். உச்சத்தில் இருப்பவை போய்விட்டன. காதில் கருவி வைத்துக்கொண்டால் பேச்சுக்கு உதவும் என்றார் மருத்துவர்.

"இசைக்கு?" என்று கேட்டார் எவ்ஜென்.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் பதில்.

வானொலியில் ஆர்கெஸ்ட்ரா ஒலிப்பதிவுகளை இயக்குவதில் வாழ்நாளைக் கழித்தவர் எவ்ஜென். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வரிசையில் எந்த வயலின் சுருதி இறங்கியது என்று ஆள் பெயர் சொல்லி நிறுத்தியவர். ப்ர்னோ நகரத்து இசைக்கலைஞர்கள் அவரைக் கண்டு பயந்தார்கள். ஓய்வுபெற்ற பிறகும் முக்கியமான பதிவுகளுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வரும் செவ்வாய்க்கிழமைப் பதிவு மகள் ராத்காவினுடையது. ஆர்கெஸ்ட்ராவுக்காக அவள் எழுதிய முதல் படைப்பு. அப்பாதான் பதிவை இயக்க வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருந்தாள்.

அன்று மருத்துவமனை வாசலில் எவ்ஜென் யர்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஒண்ணு மட்டும் முடியட்டும் யர்மிலா. அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அதுவரைக்கும் ராத்காவுக்குத் தெரிய வேணாம்."

அவள் சரி என்றாள்.

*

ராத்கா ப்ராக்கிலிருந்து காலை ரயிலில் வந்தாள். வாசலில் காலணியைக் கழற்றி வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். பையிலிருந்து வெள்ளை உறையில் ஒரு குறுந்தகட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இன்னிக்கு என் முறை."

"என்ன கொண்டுவந்திருக்கே?"

"சொல்லக் கூடாதுல்ல."

அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை வழக்கம் அது. வாரம் இருவர் முறை வைத்து, தங்களுக்குப் பிடித்த இசையைக் கொண்டுவருவார்கள். யார் எழுதியது, யார் வாசித்தது என்று சொல்ல மாட்டார்கள். எல்லோரும் பெயர் தெரியாமல் கேட்பார்கள். கடைசி ஒலி அடங்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அடங்கியதும் எவ்ஜென் எழுந்து ஒலிக்கருவியை அணைப்பார். முதல் பேச்சு அவருடையது. பிறகு மற்றவர்கள். எல்லோரும் பேசி முடித்த பின்தான் பெயர்.

பெயர் தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பார் எவ்ஜென்.

ராத்கா குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். இது என்னோடதும்மா."

யர்மிலா கத்தியைக் கீழே வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை பதிவாகப் போறதா?"

"அதேதான். வசந்த காலத்துல மாணவர் ஆர்கெஸ்ட்ரா ஒரு தடவை வாசிச்சுப் பார்த்தாங்க. அப்ப எடுத்தது. வாசிப்பு சுமார்தான். ஆனா எழுதினதெல்லாம் இருக்கு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? இசைத்தாளை அனுப்பி எவ்வளவு நாளாச்சு, பிரிக்கவே இல்லையே. 'முதல்ல காது, அப்புறம்தான் தாள்.' அவர் சட்டம்." ராத்கா ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தாள். "அதுவும் நல்லதுக்குத்தான். யாரோ எழுதினதுன்னு நினைச்சுக் கேக்கட்டும். என் பேரு தெரிஞ்சா என்ன சொல்வாரு சொல்லு?"

"நல்லாத்தான் இருக்கு."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு. பதினெட்டு வயசுலேர்ந்து அதே ஒத்தை வார்த்தை. எனக்கு வேற வார்த்தை வேணும்மா. திட்டட்டும், பரவாயில்லை. ஒரு தடவை, என்னை மகளா நினைக்காம திட்டட்டும்."

யர்மிலா மீண்டும் கத்தியை எடுத்தாள். வெங்காயம் நறுக்கினாள்.

"நல்லா சத்தமான இசைதானே?"

"இதென்ன கேள்வி?"

"சும்மா கேட்டேன்."

"பாதிக்கு மேல சத்தம்தான். கடைசியில எல்லாம் அடங்கிடும். வயலின் மட்டும் நிக்கும். ரொம்ப மேல, ரொம்ப மெல்லிசா. ஜன்னல் வெளிச்சத்துல தூசி மிதக்குமே, அந்த மாதிரி." ராத்காவின் முகம் மலர்ந்தது. "அந்த இடத்துக்காகத்தான் மீதி முழுசையும் எழுதினேன்."

கத்தி நின்றது.

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஐந்து நாற்காலிகளையும் அவர் அரைவட்டமாக வைத்துக்கொண்டிருப்பார். தனக்கானதை நடுவில்.

"வேற ஏதாவது போடேன். மார்ட்டினு எழுதினது ஏதாவது. உன் இசையை அப்புறம் தனியா அப்பாகிட்ட குடு."

"ஏன்?"

"ஒதகார் வர்றாரு. வாய்க்கு வந்தபடி பேசுவாரு."

"அந்தப் பல் டாக்டருக்கெல்லாம் பயந்தா எழுத முடியுமா?" ராத்கா சிரித்தாள். அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு உறையை எடுத்துக்கொண்டு போனாள்.

யர்மிலா கை கழுவிக்கொண்டு கணவரிடம் போனாள்.

"எவ்ஜென், இன்னிக்கு ஒதகாரை முதல்ல பேசச் சொல்லேன்."

"எதுக்கு?"

"ஒரு மாறுதலுக்கு."

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். அவள் உதடுகளைத்தான் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். "என் காது செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டியா? முதல் பேச்சு வீட்டுக்காரனோடது. எப்பவும் அப்படித்தான்."

மகளின் ரகசியத்தை அவரிடம் சொல்ல முடியாது. அவர் ரகசியத்தை மகளிடம் சொல்ல முடியாது. யர்மிலா சமையலறைக்குத் திரும்பி வந்து சாலட்டில் உப்புப் போட்டாள். ஏற்கெனவே போட்டிருந்தாள்.

*

நான்கு மணிக்கு எவ்ஜெனின் பழைய நண்பர், பல் மருத்துவர் ஒதகார் வந்தார். கையில் பிளம் சாராயம். பின்னாலேயே ஸ்லாவ்கா கசகசா கேக்குடன் வந்தாள். அவள் பூகோள ஆசிரியை. கூட்டத்துக்கு வர ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"வாசல்ல இருக்கற வீட்டுச் செருப்புல எது எனக்கு?" என்றார் ஒதகார்.

"கிழிஞ்சது எதுவோ அது" என்றார் எவ்ஜென்.

"பாரு ஸ்லாவ்கா, நண்பன்னு சொல்லிக்கறான். ஒரு வருஷம் இந்த வீட்டுப் படியேற விடலை என்னை. தெரியுமா உனக்கு?"

"நூறு தடவை சொல்லிட்டீங்க டாக்டர்."

"நூத்தியோராவது தடவை கேளு. என்ன குத்தம் பண்ணேன்? ஒரு 'ஆஹா' சொன்னேன். கடைசி ஒலி இன்னும் அடங்கலையாம். எனக்கு அடங்கிடுச்சு, இவனுக்கு அடங்கலை. 'வெளிய போடா'ன்னான். சாப்பாட்டுத் தட்டோட நிக்கறேன்."

"தட்டை வெச்சுட்டுப் போகச் சொன்னேன்" என்றார் எவ்ஜென்.

எல்லோரும் சிரித்தார்கள். யர்மிலாவும் சிரித்தாள்.

முதலில் ஒதகாரின் முறை. இசை தொடங்கிய உடனே ஸ்லாவ்கா கூரையைப் பார்த்தாள். ஹைடன் எழுதியது. ஒதகார் எப்போதும் ஹைடன்தான் கொண்டுவருவார். முடிந்ததும் எவ்ஜென் எழுந்து அணைத்தார். சரியான நேரம்தான். ஹைடன் முடியும்போது ஆர்கெஸ்ட்ரா முழுதும் சேர்ந்து உரக்க முடிக்கும்.

"யாரா இருக்கும்?" என்றார் எவ்ஜென் முகத்தை மாற்றாமல். "புது ஆளோ?"

"சிரி, சிரி. இன்னும் நூறு இருக்கு என்கிட்ட."

பிறகு ராத்கா வெள்ளை உறையை நீட்டினாள். எவ்ஜென் தகட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

தாழ்ந்த குரலில் செல்லோக்கள் தரையிலிருந்து கிளம்பின. யர்மிலா இசையைக் கேட்கவில்லை. கணவரின் முகத்தைக் கேட்டாள். முதலில் அது கல்லாக இருந்தது. கொம்பு வாத்தியங்கள் நுழைந்த இடத்தில் புருவம் உயர்ந்தது. நடுவில், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே ஒலியில் மோதி நின்றபோது, அவர் வலது கை முழங்காலிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றது. அந்தக் கையை யர்மிலாவுக்குத் தெரியும். நல்ல வாசிப்புக்கு மட்டும் எழும் கை.

ராத்காவும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். அவள் கண் நிறைந்தது.

இசை இறங்கத் தொடங்கியது. முரசு ஓய்ந்தது. கொம்புகள் ஓய்ந்தன. செல்லோக்கள் ஒரு தாழ்ந்த ஒலியில் நின்று, நின்று, இல்லாமல் போயின.

அவை போன இடத்தில், வெகு மேலே, வயலின்கள் இருந்தன. எப்போது தொடங்கின என்று தெரியவில்லை. ஸ்லாவ்கா தலையை லேசாகச் சாய்த்தாள்.

எவ்ஜென் கண் திறந்தார். பொறுத்தார். எப்போதும்போல, மற்ற எவரையும்விட அதிகமாகப் பொறுத்தார். பிறகு மெல்ல எழுந்து, நாற்காலிச் சத்தம் வராமல் நடந்து போய், பொத்தானை அழுத்தினார்.

வயலின்கள் அறுந்தன.

எவ்ஜென் திரும்பி நின்று பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் நிறைவு இருந்தது.

ஒருவரும் அசையவில்லை. முதல் பேச்சு அவருடையது. ஆனால் ஒதகாரால் பொறுக்க முடியவில்லை.

"டேய் எவ்ஜென். அது இன்னும் ஓடிட்டு இருந்துச்சுடா."

எவ்ஜென் கருவியைப் பார்த்தார். பிறகு யர்மிலாவைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

ஒரு கணம்தான். பிறகு அவர் தோள்களை நிமிர்த்திக்கொண்டார்.

"தெரியும். தெரிஞ்சுதான் நிறுத்தினேன்."

"அடப்பாவி! ஒரு ஆஹாவுக்கு எனக்கு ஒரு வருஷம். உனக்கு எத்தனை வருஷம்?"

"வீட்டுக்காரனை வீட்டை விட்டு அனுப்ப முடியாது."

"எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்துச்சு" என்றாள் ஸ்லாவ்கா. "மேல என்னமோ வர ஆரம்பிச்சுது."

"அந்த என்னமோதான் வேணாம்ங்கறேன்." எவ்ஜென் நாற்காலிக்கு வந்தார். பேசப் பேச அவர் குரல் உறுதிப்பட்டது. "இப்ப எழுதறவங்க எல்லாரும் முடிக்கத் தெரியாம வயலினைக் கொண்டுபோய்க் கூரையில ஒட்டி வெக்கறாங்க. எதுக்கு? செல்லோ போய் நின்னுச்சு பாருங்க, அதான் முடிவு. அதுக்கு முன்னாடி இருக்கறது அத்தனையும் பொன்னு. நடுவுல ஒரு மோதல் வந்துச்சே! ரொம்ப வருஷத்துல அப்படி ஒண்ணு நான் கேட்டதில்லை. இந்த ஆளு யாரோ, ஆர்கெஸ்ட்ராவுக்குள்ளயே படுத்துத் தூங்கி எழுந்தவரு. கடைசியை மட்டும் வெட்டிட்டா போதும்."

ராத்கா வெளுத்திருந்தாள்.

"வெட்டிடலாமா?"

"கத்திரி குடு, நானே வெட்டறேன்."

"சரி" என்றாள் ராத்கா.

ஸ்லாவ்கா கொம்புகளைப் பற்றிப் பேசினாள். ஒதகார் மோதல் வந்த இடத்தில் தனக்குப் பல் கூசியதாகச் சொன்னார். அவர் அளவில் அது பாராட்டு. பிறகு எல்லோரும் ராத்காவைப் பார்த்தார்கள்.

"பேரைச் சொல்லும்மா" என்றார் எவ்ஜென். ஆவலாகக் கேட்டார்.

"காபி கொண்டுவர்றேன்" என்று ராத்கா எழுந்து போனாள்.

"அதெப்படி! பேரைச் சொல்லாம எழுந்துக்கக் கூடாது!" ஒதகார் கத்தினார். "இன்னிக்கு இந்த வீட்டுல சட்டமே இல்லையா?"

*

யர்மிலா சமையலறைக்குப் போனபோது ராத்கா சன்னலோரம் நின்று கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தாள். கெட்டில் பற்றவைக்காத அடுப்பில் இருந்தது.

"யாருக்கு?"

"ஆர்கெஸ்ட்ராவை நடத்தற கண்டக்டருக்கு. கடைசிப் பக்கம் வேணாம், செல்லோவோட முடிச்சிடலாம்னு சொல்றேன். திங்கட்கிழமை ஒத்திகைக்குள்ள தெரியணும்ல."

"அனுப்பாதே."

"ஏம்மா? மீதியெல்லாம் பொன்னாம். கேட்டேல்ல? அவர் வாயிலேர்ந்து அந்த வார்த்தை. நான் பதினாறு வருஷமா காத்துட்டிருந்தது." ராத்கா மூக்கை உறிஞ்சினாள். "எந்த இடத்துக்காக எழுதினேனோ அதைத்தான் கத்திரி குடுங்கறாரு. பரவாயில்லை. அவர் காது தப்பாது. எனக்கு மனசுல ஒட்டிக்கிட்ட இடம், அதனாலதான் எனக்குத் தெரியலை."

அவள் விரல் மீண்டும் அசைந்தது. யர்மிலா அந்தக் கையைப் பிடித்தாள்.

"அவருக்குக் கேட்கலை."

"பிடிக்கலை. அவ்வளவுதானே."

"பிடிக்கலைன்னா சொன்னேன்? கேட்கலை. காதுல விழலை. முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுத்தான் எழுந்து போனாரு."

ராத்கா புரியாமல் பார்த்தாள்.

"செப்டம்பர் கச்சேரியில முக்கோணக் கம்பி தட்டறவன் தூங்கிட்டான்னு சண்டைக்குப் போனாரே, ஞாபகம் இருக்கா? அவன் தூங்கலை. நான் கேட்டேன், நல்லாவே தட்டினான். அப்பத்தான் எனக்குச் சந்தேகம். இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். மேல இருக்கறதெல்லாம் போச்சுன்னுட்டாங்க. திரும்ப வராது."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

கூடத்தில் ஒதகார் ஏதோ சொல்ல, எவ்ஜென் சிரிப்பது கேட்டது.

"போன வாரம்" என்றாள் ராத்கா. "காலையில இங்கதானே நின்னேன்? மேல, மெல்லிசான்னு உன்கிட்டதானே சொன்னேன்? வெங்காயம் நறுக்கிட்டிருந்தியே!"

"ஆமா."

"செவ்வாய்க்கிழமை அவரை அங்க உட்கார விட்டிருப்பியா? கேட்காத காதோட? என்னோட முதல் பதிவும்மா அது!"

"விட்டிருப்பேன்."

ராத்கா தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"உன்னையும் அவரையும் வெச்சுப் பார்த்தேன்" என்றாள் யர்மிலா. "உனக்கு இன்னும் நாள் இருக்கு, அடுத்த பதிவு வரும்னு தோணுச்சு. அவருக்கு இதான் கடைசி. அதனால அவர் பக்கம் நின்னேன். நீ என்னைத் திட்டலாம்."

ராத்கா திட்டவில்லை. கைபேசியில் எழுதியதை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"ராத்கா!" கூடத்திலிருந்து எவ்ஜெனின் குரல். "காபிக்கொட்டை விதைச்சு அறுவடையா பண்றே? பேரு!"

அவள் போனாள். யர்மிலா பின்னாலேயே போனாள்.

ராத்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்கா ஸெலின்கோவா" என்றாள்.

ஒதகார் சிரிக்க வாயெடுத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ஸ்லாவ்கா கோப்பையை ஓசையில்லாமல் கீழே வைத்தாள்.

எவ்ஜென் வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னோடதா" என்றார்.

"என்னோடது. கடைசியை வெட்டிடறேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

யர்மிலா மகளைப் பார்த்தாள். இது கொடுமை என்று நினைத்தாள். தடுக்கவில்லை.

அவர் தலையாட்டினால் போதும். ரகசியம் ரகசியமாக இருக்கும். செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலி அவருடையது. வெட்டிய பிறகு, அவருக்குக் கேட்காத ஒலி எதுவும் அந்த இசையில் மிஞ்சாது.

எவ்ஜென் மனைவியின் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது மகளைப் பார்க்கவில்லை. ஒதகாரைப் பார்த்தார்.

"நீ சொன்னப்புறம்தான்டா அது ஓடிட்டு இருந்துச்சுன்னே எனக்குத் தெரியும்."

ஒதகார் வாய் திறந்தார். இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த கிண்டல்களில் ஒன்றுகூட வரவில்லை. பிளம் சாராயத்தை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி நண்பனின் முன்னால் நகர்த்தினார். எவ்ஜென் அதைத் தொடவில்லை.

"வெட்டாதே ராத்கா" என்றார். "கேட்காததைப் பத்திப் பேசினேன். வாழ்க்கையில அப்படி ஒரு தடவை பேசினதில்லை."

"செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்குப் பின்னால யாருப்பா உட்காரப் போறது?"

அவர் கையை நீட்டிக் கருவியைக் காட்டினார்.

"நான் நிறுத்தின இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடிலேர்ந்து போடு."

ராத்கா தயங்கினாள். போட்டாள்.

செல்லோக்களின் கடைசி ஒலி ஒரு நொடி வந்து மறைந்தது. பிறகு வயலின்கள். யர்மிலா இப்போதுதான் அவற்றைக் கேட்டாள். ஒரு குரல் இல்லை, பல குரல்கள். ஒன்றின்மேல் ஒன்று படாமல், விழாமல், அங்கேயே நின்றன. அவளுக்கு மூச்சு விடத் தோன்றவில்லை.

எவ்ஜென் இந்த முறை கண்ணை மூடவில்லை. ஸ்லாவ்காவின் முகத்தைப் பார்த்தார். ஒதகாரின் முகத்தைப் பார்த்தார். ஒலி எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்று அந்த முகங்களில் தேடினார். மகளின் முகத்துக்கு வந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவரால் எதையும் படிக்க முடியவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

மெல்லத்தான் கேட்டார். ஆனால் வயலின்களின் மேல் அது பெரிய சத்தமாக விழுந்தது. ஒதகாரின் அந்த ஒரு 'ஆஹா'வைத் தவிர, அந்த அறையில் இசை ஓடும்போது அதுவரை எவரும் பேசியதில்லை.

ஒதகார் தரையைப் பார்த்தார். ராத்கா அசையவில்லை.

யர்மிலா கணவரின் அருகே வந்து, உதடு தெரிய நின்றாள்.

"இன்னும் இல்லை" என்றாள்.